முப்பத்திரண்டு லட்சம் யூரோவின் நடை

அயர்லாந்தில் அரசாங்கம் அமையாமலேயே மாதக்கணக்கில் ஓடிய வருடங்கள் உண்டு. அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. ஆனால் இலையுதிர் காலத்துக் குதிரைக் குட்டி ஏலம் நடக்காது என்று சொல்லிப் பாருங்கள், எங்கள் கில்டேர் பக்கத்தில் பாதிப் பேர் பாதிரியாரைத் தேடி ஓடுவார்கள். ஒரு வயதுக் குட்டி. அதன் முதுகில் இதுவரை ஒரு மனிதன் ஏறியதில்லை. ஓடுமா, ஓடாதா என்பது அதற்கே தெரியாது. அதன் அப்பா ஓடினார், சின்னம்மா ஓடினாள் என்பதற்காக லட்சக்கணக்கில் கொட்டி அதை வாங்குகிறார்கள். நாட்டின் மானம் மரியாதை எல்லாம் அந்த மூன்று நாள் ஏலத்தில்தான் இருக்கிறது.

அந்த மானத்துக்கு ஒரு பங்கம் வந்தது. டப்ளின் பத்திரிகை ஒன்றில், வேறு வேலை கிடைக்காத யாரோ ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டார். பத்து வருட ஏலங்களில், வருடத்துக்கு ஒன்றாக, ஆக அதிக விலைக்குப் போன குட்டிகள் பத்து. அவற்றில் ஒரு பந்தயமாவது ஜெயித்தவை இரண்டு. மீதி எட்டும் என்ன ஆயின என்பதையும் அவர் எழுதியிருந்தார். அதில் ஒன்று கார்க் நகரத்தில் பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தது.

தேசியக் குதிரை மேன்மை வாரியம் அவசரமாகக் கூடியது. செயலாளர் கார்மக் லிஸ்டன் எழுந்து, பத்திரிகையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, இது ஏலத்தின் மீதே நம்பிக்கை இழக்கச் செய்யும் செயல் என்றார். உரிய பரிசீலனைக்குப் பிறகு இவ்வாறு தீர்மானிக்கப்பட்டது: இந்த வருட ஏலத்தில் ஆக அதிக விலைக்குப் போகும் குட்டியை வாரியமே வாங்கும், பயிற்சி கொடுக்கும், பந்தயத்தில் ஜெயிக்க வைக்கும். விலை உயர்ந்த குட்டிதான் வெற்றி பெறும் என்பது அரசு செலவில் நிரூபிக்கப்படும்.

ஏலத்தில் பெரிய கைகள் வெளிப்படையாகக் கேட்பது கிடையாது. இன்னார் கேட்கிறார் என்று தெரிந்தால் விலை ஏறிவிடும். அதனால் ஒருவர் மூக்கைச் சொறிவார், ஒருவர் பேனாவை மூடுவார். எது யாருடைய சைகை என்பது ஏலக்காரரின் ஆளுக்கு மட்டும் தெரியும். அரசாங்கம் கேட்கிறது என்று தெரிந்தால் விலை எங்கேயோ போய்விடும் என்று லிஸ்டனுக்குப் பயம். வலது பக்கத் தூணுக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டு காதைத் தொடுவது என்று முடிவு செய்தார். துணைச் செயலாளர் ஃபிடெல்மா ரஷ் அம்மாளுக்கும் அதே பயம். அந்த அம்மாள் இடது பக்கத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவது என்று முடிவு செய்தார். ரகசியம் என்பதால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

பழுப்பு நிறத்தில், நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு, பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்ததைப் போல நிதானமாக ஒரு ஆண் குட்டி நடந்து வந்தது. மூன்று லட்சத்தில் அரேபியர்கள் விலகிக்கொண்டார்கள். மூன்றரையில் ஜப்பானியர்கள் விலகினார்கள். அதன் பிறகு இந்தப் பக்கம் ஒரு காது, அந்தப் பக்கம் ஒரு கண்ணாடி. பத்து லட்சம். இருபது லட்சம். மண்டபத்தில் யாரும் மூச்சுவிடவில்லை. இரண்டு பேரும் ஒரே வாரியம், ஒரே கஜானா என்பது ஏலக்காரரின் ஆளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததை எல்லாம் சொல்வது அவர் வேலை அல்ல.

முப்பத்திரண்டு லட்சம் யூரோவில் ஃபிடெல்மா அம்மாளின் கண்ணாடி கீழே விழுந்து உடைந்துவிட்டது. சுத்தியல் இறங்கியது. போட்டி கடுமையாக இருந்தது என்று வாரியத்தின் செய்திக் குறிப்பு சொன்னது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

பின்வரிசையில் நின்று இதை எல்லாம் கண்ணால் பார்த்தவர் மலாக்கி டிவேன். ஐம்பத்தெட்டு வயது, சிறிய லாயம், பன்னிரண்டு குதிரைகள், முப்பது வருடமாகப் பயிற்சியாளர். காதும் கண்ணாடியும் மாறி மாறி அசைந்ததைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி கீழே விழுந்துவிட்டது. சிரித்து முடித்து, ஏலத்தின் கடைசி நேரத்தில், எல்லோரும் குடிக்கப் போன பிறகு, யாரும் கேட்காத ஒரு ஒல்லிப் பெண் குட்டியை ஆயிரத்து எண்ணூறு யூரோவுக்கு வாங்கினார். அவருக்கும் அவர் அக்கா ப்ரீடுக்கும் பாதிப் பாதி. சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சியதில் வாங்கியதால் அக்கா அதற்குச் ‘சில்லறை’ என்று பெயர் வைத்தாள்.

விலை உயர்ந்த குட்டியை யாரிடம் பயிற்சிக்கு விடுவது என்ற கேள்வி எழுந்தது. அரசாங்க விதி தெளிவாக இருந்தது. டெண்டர் விட வேண்டும். குறைந்த தொகை கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும். இப்படியாக, நாட்டிலேயே ஆக அதிக விலைக்கு வாங்கிய குதிரை, நாட்டிலேயே ஆகக் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்ட மலாக்கி டிவேனின் லாயத்துக்கு வந்து சேர்ந்தது.

வாரியம் அதற்குக் குழு போட்டு ‘தேசத்தின் நம்பிக்கை’ என்று பெயர் சூட்டியிருந்தது. அதன் நடையைப் பார்த்த முதல் நாளே லாயத்தில் எல்லோரும் ‘பிஷப்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மரியாதை தானாக வந்தது. பிஷப் எழுந்தார், பிஷப் சாப்பிட்டார், பிஷப் மறுபடியும் சாப்பிட்டார் என்றுதான் சொல்வார்கள்.

வசந்தம் வந்து, முதல் தடவையாக வேகமாக ஓட விட்டுப் பார்க்கும் நாளும் வந்தது. மலாக்கிக்கு முந்தின நாள் தூக்கமே இல்லை. முப்பது வருடத்தில் அவர் லாயத்துக்கு ஒரு பெரிய குதிரை வந்ததில்லை. சின்னச் சின்ன ஊர்களில் சின்னச் சின்னப் பந்தயங்கள், மூன்றாவது இடம், நான்காவது இடம். ஒரே ஒரு நல்ல குதிரை, குர்ரா பந்தயத் திடலில் ஒரே ஒரு நல்ல ஓட்டம், தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவர் வேறு எதுவும் கேட்டதில்லை.

துணைக்கு ஓட ஒரு குதிரை வேண்டும் என்று சில்லறையையும் கூட விட்டார்கள். பிஷப்பின் மேல் டைக் என்ற பழைய சவாரிக்காரர், சில்லறையின் மேல் லாயத்துப் பையன் ஒருவன். வேலிக்கு அந்தப் பக்கம் கார்க் ரயில் போகிற பாதை, இந்தப் பக்கம் மணல் தடம். மலாக்கியும் ப்ரீடும் கடிகாரத்தோடு மேட்டில் நின்றார்கள்.

சில்லறை வந்தாள். வந்தாள் என்று சொல்வதற்குள் போய்விட்டாள். மலாக்கி கடிகாரத்தை அமுக்க மறந்துவிட்டார். பக்கத்தில் அக்கா கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து பிஷப்பும் வந்தார்.

“என்னடா டைக், என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல முதலாளி. இதுதான் வேகம்.”

“அழுத்திப் பாத்தியா?”

“அழுத்தினேன். திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தாரு. எனக்கே வெக்கமாப் போச்சு.”

“கால்ல வலி கிலி?”

“வலியா? தூங்கி எழுந்த மாதிரி ஜம்முனு இருக்காரு. நடக்குறாரு முதலாளி. வேகமா நடக்குறாரு, அவ்வளவுதான்.”

மலாக்கி நேர்மையான ஆள். அன்று மாலையே வாரியத்துக்குத் தகவல் சொன்னார். மறுநாள் லிஸ்டன் பளபளக்கும் காலணியோடு வந்து, சேற்றைப் பார்த்துவிட்டு, காரிலேயே உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார்.

“மிஸ்டர் டிவேன், குதிரை மெதுவா ஓடுதுன்னு சொன்னீங்களாமே.”

“ஆமா சார். நல்ல பிள்ளைதான். ஆனா ஓட்டம் வரல.”

“அது எப்படி வராம இருக்கும்? முப்பத்திரண்டு லட்சம் குடுத்த குதிரை மெதுவா ஓடாது. உங்க கடிகாரத்தைப் பாருங்க.”

“கடிகாரம் சரியாத்தான் சார் ஓடுது. குதிரைதான்...”

“கடிகாரம் என்ன விலை?”

“நாப்பது யூரோ.”

நாற்பது யூரோ கடிகாரத்தின் பேச்சைக் கேட்டு முப்பத்திரண்டு லட்சம் யூரோவைச் சந்தேகிப்பதா என்பது போல லிஸ்டன் மலாக்கியைப் பார்த்தார். அடுத்த வாரம் ஸ்விட்சர்லாந்துக் கடிகாரம் ஒன்று வந்தது. பிஷப்பின் வேகம் அதில் இன்னும் துல்லியமாகக் குறைவாகத் தெரிந்தது. பிறகு மணலில் கோளாறு என்று புது மணல் வந்தது.

மணலும் பயன்படாததால் மனதில்தான் கோளாறு என்று முடிவாயிற்று. அந்த வருடம் டப்ளினில் எல்லோரும் மூச்சுவிடக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அதுவரை எப்படி விட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. குதிரைகளுக்கும் மூச்சுச் சொல்லிக்கொடுக்கிற ஒரு அம்மையார், வெறுங்காலோடு, ஒரு பித்தளைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார். காலையும் மாலையும் பிஷப்பின் காதருகே அந்தக் கிண்ணத்தைத் தட்டி ஓசை எழுப்புவார். பிஷப் கண்ணை மூடிக்கொள்வார்.

“உள்ளுக்குள்ள ரொம்ப பழைய காயம் ஒண்ணு இருக்கு,” என்றார் அம்மையார்.

“அதுக்கு ரெண்டு வயசுதாம்மா ஆகுது,” என்றாள் ப்ரீட்.

“போன ஜென்மத்துல.”

“போன ஜென்மத்துலயும் இதே வேகம்தான் ஓடியிருக்கும்.”

பிறகு கடற்பாசிக் குளியல் வந்தது. காலில் கட்டி ஒவ்வொரு அடியையும் செல்போனுக்கு அனுப்பும் கருவி வந்தது. பிஷப் நாளுக்கு நாள் தேஜஸோடு பெருத்தார். மலாக்கிக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. யாருக்கும் கெடுதல் நினைக்காத பிறவி. விலை போட்டது அவரா?

ஆனால் காலையில் எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு, மலாக்கியும் அக்காவும் சில்லறையை ஓட விட்டுப் பார்ப்பார்கள். அவள் வேலியோரமாகக் கார்க் ரயிலோடு போட்டி போட்டு ஓடுவாள். ரயில் தோற்கும். “டேய் மலாக்கி, இவ குர்ராவுல ஓடுறதைப் பாக்காம நான் சாக மாட்டேன்டா,” என்பாள் ப்ரீட். ஜூன் மாதம் குர்ராவில் நடக்கிற, இதுவரை ஜெயிக்காத குட்டிகளுக்கான பந்தயத்தில் அவள் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார் மலாக்கி.

அதே பந்தயத்தில் பிஷப்பின் பெயரை வாரியமும் கொடுத்திருந்தது. அமைச்சர் வருவதாகவும் அறிவித்துவிட்டார்கள்.

லிஸ்டன் மறுபடி வேலையில் இறங்கினார். பந்தயத்தில் மொத்தம் பதின்மூன்று குதிரைகள். மற்றப் பயிற்சியாளர்கள் வீட்டுக்கெல்லாம் ஒவ்வொருவராகப் போய் டீ குடித்தார். லாயங்களுக்கு மணல் போடுகிற மானியம் வாரியத்தின் கையில்தான் இருக்கிறது என்பதைப் பேச்சோடு பேச்சாக நினைவுபடுத்தினார். அந்த வாரத்திலேயே பதினோரு குதிரைகளுக்கு இருமல் வந்துவிட்டது. ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்திராத குதிரைகள். கடைசியாக லிஸ்டன் மலாக்கி வீட்டுச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார். ப்ரீட் ரொட்டியும் வெண்ணெயும் வைத்தாள்.

“உங்க குட்டிக்கு இருமல் ஏதாவது இருக்கா, மிஸ்டர் டிவேன்?”

“இல்ல சார். பாறாங்கல் மாதிரி இருக்கா.”

“லேசா தும்மல்?”

“தும்மலும் இல்ல, கம்மலும் இல்ல,” என்றாள் ப்ரீட். “அவ ஓடுவா.”

“மானியம்...”

“எங்களுக்கு மணல் வேண்டாம் சார். நாங்க பூமியில ஓடிக்கிறோம்.”

மலாக்கி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சார், முப்பது வருஷத்துல இப்படி ஒண்ணு எங்க லாயத்துக்கு வந்ததில்ல. இனிமே வரப்போறதும் இல்ல. உங்க வாரியம் என் லைசென்ஸையே பிடுங்கினாலும் சரி, அவ ஒரு தடவை ஓடிட்டு வரட்டும்.”

லிஸ்டன் ரொட்டியைத் தொடாமல் எழுந்து போனார். சனிக்கிழமை பந்தயம், வியாழக்கிழமை திரும்பி வந்தார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. குழு கூடியிருந்ததாம்.

“மிஸ்டர் டிவேன், நாங்க நிரூபிக்க வேண்டியது என்ன? ஏலத்துல ஆக அதிக விலைக்குப் போன குட்டி ஜெயிக்கும். அதானே?”

“ஆமா.”

“எங்க குட்டி அதிக விலை. ஆனா ஜெயிக்காது. உங்க குட்டி ஜெயிக்கும். ஆனா அதிக விலை இல்ல. இதுல தப்பு எங்க இருக்கு?”

“எங்க சார்?”

“உங்க குட்டியோட விலையில.”

ப்ரீட் கொதிக்கிற கெட்டிலை அடுப்பில் இருந்து இறக்கினாள்.

“அதே ஏலம், அதே வருஷம். விலையை மட்டும் திருத்திடுறோம். ஏலக் கம்பெனிக்குச் சம்மதம், அவங்களுக்குக் கமிஷன் சதவீதத்துல. வாரியம் உங்க குட்டியை முப்பத்தி மூணு லட்சத்துக்கு வாங்கிக்குது. சனிக்கிழமை அவ ஜெயிக்கிறா. ஆக அதிக விலைக் குட்டி ஜெயிச்சுடுச்சு. பத்திரிகைக்காரன் வாயை மூடிக்குவான்.”

“அவ ஓடுவா இல்ல?” மலாக்கியின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

“ஓடத்தானே வாங்குறோம்! உங்க லாயத்துலதான் இருப்பா. நீங்கதான் சேணம் போடுவீங்க. பேர் மட்டும் எங்களுது.”

மலாக்கி அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சொந்தமாக ஒரு முழு வீடு இருந்ததில்லை. கூரை ஒழுகாத வீடு அறவே இருந்ததில்லை. எல்லாம் போனாலும் ஓட்டம் நம்முடையதுதானே என்று மலாக்கி தனக்குள் சொல்லிக்கொண்டார். அது அவ்வளவு நியாயமாகப் பட்டது. வேண்டாம் என்று அக்கா சொல்லுவாள் என்று அவர் காத்திருந்தார். தம்பி சொல்லுவான் என்று அக்கா காத்திருந்தாள். லிஸ்டன் பேனாவை நீட்டினார்.

சனிக்கிழமை காலை, குர்ராவுக்குக் கிளம்ப சில்லறையை வண்டியில் ஏற்றும் நேரத்தில், கறுப்புக் கோட்டு போட்ட ஒரு காப்பீட்டுக் கம்பெனி ஆள் வந்து நின்றார். வாரியத்தின் உடைமைகள் எல்லாம் காப்பீடு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம்.

“இந்தக் குதிரை என்ன வேகம் ஓடும்?”

மலாக்கி பெருமையாகச் சொன்னார். கேட்ட ஆள் வெளிறிப்போனார்.

“அவ்வளவு வேகமா? முப்பத்தி மூணு லட்சத்தைக் கால்ல கட்டிக்கிட்டா? கால் முறிஞ்சா யார் பொறுப்பு?”

“பந்தயக் குதிரை சார் அது.”

“அதிக விலைக் குதிரை சார் அது. எங்க நிபந்தனை கேளுங்க. வேகமா ஓடக் கூடாது. மத்த குதிரைங்க கூட நெருங்கக் கூடாது. ஈர மண்ணுல கால் வைக்கக் கூடாது.”

“அயர்லாந்துல ஈரம் இல்லாத மண்ணு எங்க சார் இருக்கு?” என்றாள் ப்ரீட்.

“அப்ப லாயத்துலயே இருக்கட்டும்.”

“பிஷப்புக்கும் இதே காப்பீடுதானே? அவர் மட்டும் ஓடலாமா?”

“அவர் ஓடுறதைப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம். அந்த வேகத்துல ஒரு ஆபத்தும் வராது.”

மலாக்கி லிஸ்டனுக்குப் போன் போட்டுக் கெஞ்சினார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கெஞ்சினார். லிஸ்டன் வருத்தம் தெரிவித்தார். ஆயிரத்து எண்ணூறு யூரோ குதிரையாக இருந்தவரை அவள் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். இப்போது அவள் பொதுச் சொத்து. பிஷப்பை மட்டும் ஏற்றி வண்டிக் கதவைச் சாத்தும்போது, சில்லறை லாயத்துக்குள் இருந்து கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். மலாக்கியால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

குர்ராவில் அன்று அமைச்சர் இருந்தார், பேண்டு வாத்தியம் இருந்தது, பூப்போட்ட தொப்பிகளோடு பெண்கள் இருந்தார்கள். பந்தயத்தில் இருந்தது பிஷப் மட்டும். எங்கள் பந்தய விதியில் இதற்கும் இடம் உண்டு. மற்றக் குதிரைகள் எல்லாம் விலகிவிட்டால், மிஞ்சிய ஒன்று சேணத்தோடு கிளம்பி வெற்றிக் கம்பத்தைத் தாண்டி வந்தால் போதும். நடந்தே வரலாம். ஜெயித்ததாகக் கணக்கு.

பிஷப் நடந்தார். இதற்காகவே பிறந்தவர் போல நடந்தார். மக்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கம்பத்துக்குப் பத்தடி இருக்கும்போது நின்றார். குனிந்தார். குர்ராவின் புல் உலகத்திலேயே நல்ல புல் என்பார்கள். பிஷப் அதைச் சரிபார்க்க ஆரம்பித்தார்.

“ஏதாவது செய்ங்க, மிஸ்டர் டிவேன்!” லிஸ்டனுக்கு வியர்த்துக் கொட்டியது.

“யாரும் தொடக் கூடாது சார். விதி.”

“டைக், ஓட்டுய்யா!”

டைக் மேலிருந்து கையை விரித்தார். “சாப்பிடுறப்ப எப்படி சார் எழுப்புறது?”

மூச்சு அம்மையார் கூட்டத்தில் இருந்து கிண்ணத்தைத் தட்டினார். பிஷப் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். பேண்டு வாத்தியக்காரர்கள் தெரிந்த பாட்டை எல்லாம் வாசித்து முடித்து முதலில் இருந்து ஆரம்பித்தார்கள். அமைச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் கம்பத்துக்கு அந்தப் பக்கத்துப் புல் எப்படி இருக்கும் என்று பிஷப்புக்குத் தோன்றியிருக்க வேண்டும். மெதுவாகத் தாண்டினார். கைதட்டல் டப்ளின் வரைக்கும் கேட்டிருக்கும்.

வாரியத்தின் செய்திக் குறிப்பில் ஒரு சின்னச் சிக்கல் எழுந்தது. ஜெயித்த பிஷப் இப்போது ஆக அதிக விலைக் குதிரை அல்ல. விலைத் திருத்தத்துக்குப் பிறகு இரண்டாவதுதான். ஆக அதிக விலைக் குதிரை ஓடவே இல்லை. லிஸ்டன் ஒரு இரவு யோசித்து எழுதினார்: “இவ்வருட ஏலத்தில் அதிக விலை பெற்ற இரு குட்டிகளில் ஒன்று, தான் ஓடிய அனைத்துப் பந்தயங்களிலும் வெற்றி பெற்றது. மற்றது இன்றுவரை தோல்வியே கண்டதில்லை.” அடுத்த ஏலத்தில் விலைகள் இரண்டு மடங்கு ஏறின. லிஸ்டன் வாரியத் தலைவர் ஆனார்.

வெற்றி வீரர்களை மேலும் ஓட விட்டு விலையைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. பிஷப்பையும் சில்லறையையும் ஜோடி சேர்த்து இனப்பெருக்கத்துக்கு அனுப்பினார்கள். சில்லறையை விட்ட புல்வெளி, மலாக்கியின் தடத்தைத் தாண்டி, ரயில் பாதையோரம் இருந்தது. கார்க் ரயில் வரும்போது அவள் வேலியோரமாக அதோடு ஓடுவாள். காப்பீட்டு ஆளுக்கு இது தெரியாது. அவள் ஓடுவதைப் பார்த்தவர்கள், ஜன்னலோரம் உட்கார்ந்த பயணிகள் மட்டும்தான்.

இன்னும் இரண்டு பேர் பார்த்தார்கள். மலாக்கி தினமும் புகையிலை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வேலிப் பக்கம் போவார். ப்ரீட் தினமும் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவாள். ஒருவர் போவது ஒருவருக்குத் தெரியாது. அந்த வியாழக்கிழமையைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை. கூரை புதிதாகப் போட்டார்கள். மீதி முப்பத்திரண்டு லட்சத்துச் சொச்சம் இருவர் பெயரிலும் ஒரே கணக்கில் வங்கியில் தூங்கியது. தொட மனம் வரவில்லை.

மூன்று வருடம் போயிற்று. அந்த இலையுதிர் கால ஏலத்தில், பிஷப்புக்கும் சில்லறைக்கும் பிறந்த பெண் குட்டியை வாரியம் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மலாக்கி பல் பிடுங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஏலத்துக்குப் போனார். தெரிந்தவர் கண்ணில் படாமல் வலது பக்கத் தூணுக்குப் பின்னால் நின்றார். குட்டி வந்தது. நெற்றியில் அப்பாவின் வெள்ளைச் சுட்டி. கண் மட்டும் அப்படியே சில்லறை. அன்றைக்கு விட்டதை இன்றைக்குப் பிடித்துவிடலாம். இவளை வாங்கி, குர்ராவில் ஓட விட்டு, அக்காவைக் கூட்டிப் போய்க் காட்டலாம். அக்காவுக்குத் தெரியாமல் வாங்கி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் அந்தப் பழைய வருத்தம் தீரும். தொப்பியின் விளிம்பைத் தொட்டார். அதுதான் சைகை.

நாற்பதாயிரத்தில் எல்லோரும் விலகிவிட்டார்கள். இடது பக்கத் தூணுக்குப் பின்னால் யாரோ ஒரு ஆள் மட்டும் விடவில்லை. ஒரு லட்சம். ஐந்து லட்சம். அரேபியனா, ஜப்பானியனா, எவன் அவன் என் குட்டியைக் கேட்பவன் என்று மலாக்கிக்கு ரத்தம் ஏறியது. பதினைந்து லட்சம். தொப்பி. இருபது. தொப்பி. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மலாக்கிக்கு அது காதில் விழவில்லை. ஏலக்காரரின் ஆள் இந்தத் தூணையும் அந்தத் தூணையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததை எல்லாம் சொல்வது அவர் வேலை அல்ல.

முப்பத்திரண்டு லட்சத்தில் சுத்தியல் இறங்கியது. கணக்கில் அதற்கு மேல் இல்லாததால் எதிராளியும் அங்கேயே நின்றுவிட்டிருந்தார்.

கையெழுத்துப் போடும் மேஜைக்கு மலாக்கி வெற்றியோடு போனார். எதிர்ப் பக்கத்தில் இருந்து, கோயிலுக்குப் போகிற உடுப்பில், கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு ப்ரீட் வந்தாள். கைக்குட்டைதான் அவளுடைய சைகை.

“பல்லு பிடுங்கிட்டாங்களாடா?” என்றாள் அவள்.

“பிடுங்கிட்டாங்கக்கா,” என்றார் மலாக்கி.

வாரியத் தலைவர் லிஸ்டன் இரண்டு பேர் கையையும் குலுக்கினார். பிஷப்புக்குப் போட்ட முதலீடு முழுவதும் திரும்ப வந்துவிட்டது என்றார். போட்டி கடுமையாக இருந்தது என்று மறுநாள் பேப்பரில் வந்தது.

வசந்தத்தில் ஒரு காலை, அந்தக் குட்டியை முதல் தடவையாக மணல் தடத்தில் ஓட விட்டார்கள். மேட்டில் மலாக்கியும் ப்ரீடும். கையில் அதே ஸ்விட்சர்லாந்துக் கடிகாரம். ரொம்ப நேரம் காத்திருந்தார்கள். கடைசியில் குட்டி நிதானமாக, மரியாதையாக வந்து சேர்ந்தது. மேலே டைக் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

“முதலாளி,” என்றார். “நடக்குது. அப்பா மாதிரியே நடக்குது.”

மலாக்கியின் முகம் சிவந்தது. “என்னடா பேசுற? முப்பத்திரண்டு லட்சம் குடுத்த குதிரை மெதுவா ஓடாது.”

“அந்தக் கடிகாரத்தைத் திறந்து பாருடா மலாக்கி,” என்றாள் ப்ரீட். “அதுலதான் ஏதோ கோளாறு.”

“மணலையும் மாத்தணும்க்கா.”

“அந்தக் கிண்ணத்துக்காரி நம்பர் வெச்சிருக்கியா?”

வேலிக்கு அந்தப் பக்கம் கார்க் ரயில் கூவிக்கொண்டு வந்தது. அதோடு சரிக்குச் சரியாக, பிறகு அதையும் முந்திக்கொண்டு, ஒரு ஒல்லிப் பெண் குதிரை ஓடிப்போயிற்று. டைக் மட்டும் சேணத்தில் இருந்து திரும்பிப் பார்த்தார். அக்காவும் தம்பியும் தலை நிமிரவில்லை. கடிகாரத்தின் பின்மூடியைப் பேனாக்கத்தியால் நெம்பிக்கொண்டிருந்தார்கள்.